செங்கற்பட்டுச் சீமையில் சாரதிப் பரீட்சை

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலையும் ஐந்து இரதங்களையும் காண விரும்பிய சென்னைவாசி, மோட்டார் வண்டி பரவுவதற்கு முற்பட்ட காலத்தில், இரண்டு மார்க்கங்களில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. 1878-ஆம் ஆண்டில் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயரைப் பெற்ற கால்வாயில் மாலையில் ஓடமேறி, கரையோரமாக நடந்து கயிறு பிடித்து இழுக்கும் ஆட்களின் கால்வேகத்திலும், காற்று இசைந்தால் பாய் விரித்து அதன் வேகத்திலும் இரவெல்லாம் சென்று, மறுநாள் பொழுது புலர்ந்த பின் ஊருக்கு மேற்கே கரையிறங்குவது ஒரு மார்க்கம். இரயிலில் செங்கற்பட்டுக்கு வந்து, வல்லத்துக் குகைக் கோயில்களைக் கடந்து, திருக்கழுக்குன்றத்து மலையடியில் இளைப்பாறி, ஏறக்குறைய பதினெட்டு மைல் தூரத்தை மாட்டுவண்டியிலோ ஜட்காவிலோ தீர்ப்பது மற்றொரு மார்க்கம். எந்த வழியாகச் சென்றாலும், ஏறியவன் இறங்குவதற்குள், தன்னைக் கொண்டுசெல்பவனின் ஊரும் உறவும், மாட்டின் வயதும் மனிதனின் குணமும் அவனுக்குத் தெரிந்துபோய்விடும். வண்டிக்காரன் கண்ணயர்ந்தால் மாடு வழியறிந்து நடக்கும்; ஓடக்காரன் கண்ணயர்ந்தால் தோணி கரை தட்டி நிற்கும்; பிரயாணம் தாமதப்படுமே தவிரப் பிராணனுக்கு அபாயம் நேர்வது அபூர்வம்.

மோட்டார் பஸ் இந்த உறவை அடியோடு மாற்றிவிட்டது. முப்பது நாற்பது பேர், ஒருவரையொருவர் அறியாதவர்கள், தாங்கள் முகம் பார்த்துப் பேசியிராத ஒருவனுடைய முதுகுக்குப் பின்னால் அமர்ந்து, மாட்டுவண்டி ஒரு நாளில் கடக்கும் தூரத்தை ஒரு மணி நேரத்தில் கடக்கிறார்கள். அவன் கண் தெளிவாகத் தெரிகிறதா, இரவு உறங்கினானா, பிரேக்கின் தன்மையை அறிவானா என்று எந்தப் பிரயாணியும் கேட்டறிந்து ஏறுவதில்லை, கேட்க இயலாது, கேட்டாலும் வரும் விடையைச் சோதிக்கும் அறிவு அவரிடம் இல்லை. அவர் சார்பில் அந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்டு, விடைகளைச் சோதித்து, ‘இவனை நம்பி ஏறலாம்’ என்று ஜாமீன் சொல்ல ஒருவர் வேண்டும். அந்த ஜாமீன் பத்திரம்தான் கனரக வாகனச் சாரதியின் லைசென்ஸ். அதைப் பெறுவதற்காக மனிதர்கள் எவ்வாறு தங்களைத் தயார் செய்துகொண்டார்கள், சர்க்கார் அவர்களிடம் எந்தக் கேள்விகளைக் கேட்டது, எதைக் கேட்கத் தவறியது என்பனவற்றை, ஏரிகளும் உப்பளங்களும் கற்பாறைகளும் நிறைந்த இந்தச் செங்கற்பட்டுச் சீமையை வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தகைய ஜாமீன் வேண்டும் என்ற எண்ணம் மேலைநாடுகளிலேயே ஒரே நாளில் தோன்றியதன்று. பாரிஸ் நகரப் போலீசார் 1893-இல் மோட்டார் ஓட்டுபவனுக்கு யோக்கியதைப் பத்திரம் வேண்டும் என்று விதித்தார்கள். இங்கிலாந்திலோ 1903-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐந்து ஷில்லிங் கட்டியவர் எவரும் லைசென்ஸ் பெற்றுக்கொள்ளலாம். பரீட்சை என்பதே கிடையாது. சாதாரண ஓட்டுநர் யாவருக்கும் பரீட்சை கட்டாயமானது 1935-இல்தான். நம் நாடு முழுமைக்குமாக ஏற்பட்ட முதற் சட்டம் 1914-ஆம் ஆண்டின் இந்திய மோட்டார் வாகனச் சட்டம். லைசென்ஸ் இன்றி ஓட்டக் கூடாது, பதினெட்டு வயது நிரம்பாதவன் ஓட்டக் கூடாது என்ற அளவில் அது நின்றது. நுணுக்கங்களை மாகாண சர்க்கார்களின் விதிகளுக்கு விட்டுவிட்டது. அக்காலத்தில் மோட்டார் வைத்திருந்தவர்கள் பெரிய உத்தியோகஸ்தர்களும் ஜமீன்தார்களும் வக்கீல்களுமே ஆகையால், சாரதி என்பவன் ஒரு வீட்டு ஊழியன். அவன் திறமையைப் பற்றிய கவலை எஜமானனுடைய கவலை. டி. வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டது போன்ற முயற்சிகள் பெருகி, 1920-களில் தாலுகா ஊர்கள்தோறும் பஸ்கள் தலைகாட்டத் தொடங்கியபோதுதான், அந்தக் கவலை ஊரார் கவலையாயிற்று.

சட்டம் இவ்வளவு மெல்லியதாக இருந்த அந்தக் காலத்தில் நல்ல சாரதிகள் எங்கிருந்து வந்தார்கள் என்று கேட்டால், அதற்கு விடை கிளீனர் என்னும் பையனிடத்தில் இருக்கிறது. பதினான்கு பதினைந்து வயதில், பெரும்பாலும் தூரத்து உறவினர் ஒருவரின் சிபாரிசோடு, பஸ்ஸிலோ லாரியிலோ தொற்றிக்கொள்ளும் அவனுக்குச் சம்பளம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் இராது. சோறும், படுத்துறங்க வண்டியின் மேற்கூரையும், எப்போதாவது கைச்செலவுக்குச் சில அணாக்களும்தான். விடியுமுன் எழுந்து வண்டியைக் கழுவுவது, ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது, எண்ணெய்க் குச்சியை உருவி மட்டம் பார்ப்பது, டயர்களை மரச்சுத்தியால் தட்டி ஓசையைக் கொண்டே காற்றின் அளவை அறிவது, இறுதியில் முன்புறம் சென்று ஹாண்டிலைச் சுழற்றி இஞ்சினை உயிர்ப்பிப்பது ஆகியவை அவனுடைய முதற் பாடங்கள். அந்த ஹாண்டில் சுழற்றும் வேலை எளிதன்று. கட்டை விரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்துப் பிடிக்க வேண்டும். பழக்கமில்லாதவன் ஹாண்டிலைச் சுற்றி விரலை வளைத்துப் பிடித்தால், இஞ்சின் எதிர்த்து உதைக்கும்போது மணிக்கட்டு முறிந்துபோகும். இயந்திரத்திற்கும் ஒரு சுபாவம் உண்டு, அதை அறியாமல் தொடுபவனை அது தண்டிக்கும் என்பதைப் புத்தகமின்றியே அவன் முதல் வாரத்தில் கற்றுவிடுவான்.

அடுத்த பாடம் காதால் கற்பது. அக்காலத்து கியர்ப் பெட்டிகளில் பற்சக்கரங்கள் தாமாக வேகம் ஒத்து இணைவதில்லை. ஆகவே கிளட்சை ஒரு முறை மிதித்து கியரை நடுநிலைக்குக் கொணர்ந்து, காலை எடுத்து, இறங்கு கியராயின் ஆக்ஸிலேட்டரை ஒரு துடிப்புத் துடிக்கவைத்து, மீண்டும் கிளட்சை மிதித்து அடுத்த கியரைச் சேர்க்க வேண்டும். இதையே ‘டபுள் கிளட்ச்’ என்று தொழிலில் சொன்னார்கள். இஞ்சினின் சுருதி எந்த இடத்தில் நிற்கும்போது கியர் ஓசையின்றி விழும் என்பதை, டிரைவரின் பக்கத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டு, தன் கால்கள் ஒரு மிதியையும் தொடாத நிலையிலேயே, கிளீனர் அறிந்துவைத்திருப்பான். பிறகு ஒரு நாள், ஆளில்லாத சாலையில், வண்டி காலியாகத் திரும்பும்போது, டிரைவர் இறங்கி இடம் மாறி உட்காருவார். அந்த நாளை எந்த டிரைவரும் தம் ஆயுளில் மறப்பதில்லை. அதிகமாகப் பேசி விளக்குவதும் வழக்கமில்லை. தவறினால் பின்னந்தலையில் ஓர் அடி, சரியாகச் செய்தால் மௌனம். அந்த மௌனமே பாராட்டு.

இந்தக் குருகுலத்தில் குறைகளும் இருந்தன. அவற்றை மறைப்பது நியாயமன்று. அடியும் பசியும் வசவும் அதில் சர்வ சாதாரணம். குருவுக்குத் தெரிந்த தவறுகள் சிஷ்யனுக்கும் அப்படியே இறங்கின. இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க கியரை விடுத்து வண்டியை உருளவிடும் கெட்ட வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது இதனால்தான். எல்லாவற்றிலும் பெரிய குறை, சிபாரிசு இல்லாதவனுக்கு அந்தக் குருகுலத்தின் கதவு திறக்கவில்லை என்பது. எந்த ஜாதி, எந்த ஊர், யாருடைய மகன் என்று கேட்டே கிளீனர் பையனைச் சேர்த்துக்கொண்ட அந்த ஏற்பாட்டில், திறமை இருந்தும் தெருவிலேயே நின்றவர்கள் அநேகர். பெண்கள் நின்றார்களா என்ற கேள்வியே அன்று எவருக்கும் எழவில்லை.

ஆனால் கற்ற இடம் மிக நல்ல இடம். செங்கற்பட்டு ஜில்லாவை ஏரிகளின் ஜில்லா என்றே சொல்வார்கள். இங்கே பழைய சாலைகளில் பல ஏரிக்கரைகளின் மேலேயே, அல்லது அவற்றை ஒட்டியே, வளைந்து சென்றன. ஒரு புறம் கரை தளும்பும் நீர், மறு புறம் ஆள் ஆழத்திற்குக் கீழே வயல், நடுவில் ஒரு வண்டியும் ஓர் எருமைக் கூட்டமும் ஒதுங்கிப் போக மட்டுமே இடம் கொண்ட மண் சாலை. மழைக்காலத்தில் அந்த மண் கரைந்து விளிம்பு எங்கே முடிகிறது என்று தெரியாது. எதிரில் ஒரு வண்டி வந்துவிட்டால் இருவரில் ஒருவர் பின்னோக்கியே செல்ல வேண்டும். கரையின் மேல் ஏறும் சரிவில் வைக்கோல் வண்டி ஒன்று குறுக்கிட்டு நின்றுவிட்டால், பஸ்ஸை அங்கேயே நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, அது ஓர் அங்குலமும் பின்னுக்கு உருளாமல் மறுபடி கிளப்ப வேண்டும். மலைச்சாலையே இல்லாத சமவெளியில் அதற்குரிய வித்தையை இந்த ஏரிக்கரைகள் கற்பித்தன. கொளவாய் ஏரியின் ஓரத்திலும் மதுராந்தகத்து ஏரியின் ஓரத்திலும் இன்று அகன்ற தார்ச் சாலைகளில் விரையும் பஸ்களில் இருப்பவர்களுக்கு, அந்த ஏரிகள் ஒரு காலத்தில் சாரதிகளுக்கு ஆசிரியர்களாக விளங்கின என்பது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஏற்றிய பாரமும் ஆசிரியன்தான். இந்தக் கடற்கரையின் சவுக்கு விறகும், கோவளம், கேளம்பாக்கம் உப்பளங்களின் உப்பும் வெகு காலம் கால்வாய் வழியே சென்னையைச் சேர்ந்து, பிறகு லாரிக்கு மாறின. சவுக்குக் கட்டைகளை உயர அடுக்கிய லாரி வளைவில் தலை சாய்க்கும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைத் தணிக்க வேண்டும், வளைவுக்குள் பிரேக்கைத் தொடக் கூடாது. உப்பு மூட்டைகள் ஈரத்தை உறிஞ்சிக் கனத்து, வண்டியைத் தரையோடு அழுத்தும். நிறுத்த வேண்டிய தூரம் நீளும். சிற்பிக்காக ஏற்றிய ஒற்றைக் கருங்கல்லோ, எல்லாப் பாரத்தையும் ஓரிடத்தில் குவித்து வைப்பது. சங்கிலி ஒரு கண்ணி தளர்ந்தாலும் கல் தன் வழியே போய்விடும். 1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பக் கல்லூரி ஏற்பட்டு, அதைச் சுற்றிப் பட்டறைகள் பெருகிய பின், இந்தக் கல் லாரிகள் கடற்கரைச் சாலைகளில் நித்தியக் காட்சியாயின. உளி பட்டு முழுமை பெற்ற தெய்வத் திருமேனியைக் கும்பாபிஷேகத்துக்காகத் தொலைவூர்களுக்குக் கொண்டுசெல்லும் லாரிச் சாரதியின் பொறுப்பைப் பற்றி எவரும் எழுதியதாக நான் கண்டதில்லை. ஒரு குழியில் வண்டி குதித்தால் பல மாதத்து உழைப்பு விரல் நுனியில் உடைந்துபோகும்.

1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் இந்தக் கதையில் பெரிய திருப்பம். அது பிறந்ததன் உடனடிக் காரணம் பிரயாணிகளின் க்ஷேமம் மட்டுமன்று. கட்டணத்தைக் குறைத்துக் கூட்டத்தை இழுத்த பஸ்களின் போட்டியில் இரயில்வேக்கள் நஷ்டமடைவதாக எழுந்த கூக்குரலும், 1933-இல் மிட்செல், கிர்க்னெஸ் ஆகிய இரு அதிகாரிகள் அளித்த அறிக்கையும் அதற்குப் பின்னணி. நோக்கம் எதுவாயினும், விளைவாக வந்த சட்டம் சாரதிக்கு நல்லதொரு பரீட்சையை வகுத்தது. சம்பளத்துக்கு ஓட்டுபவனும், பஸ் லாரி ஓட்டுபவனும் அதற்கென்று தனியாக அதிகாரம் குறிக்கப்பட்ட லைசென்ஸ் பெற வேண்டும். பஸ் லாரிகளுக்கு வயது இருபது நிரம்ப வேண்டும். அதன் அட்டவணைகளில் ஒன்று, லைசென்ஸுக்குத் தடையாகும் வியாதிகளை வரிசைப்படுத்தியது. இருபத்தைந்து கஜ தூரத்தில், நல்ல பகல் வெளிச்சத்தில், கறுப்புத் தளத்தில் வெள்ளையாக எழுதிய ஏழு எழுத்துகளையும் எண்களையும் படிக்க முடியாதவனுக்கும், சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாதவனுக்கும், மாலைக்கண் உடையவனுக்கும் லைசென்ஸ் இல்லை. மற்றோர் அட்டவணை, நேராகவும் கோணத்திலும் வண்டியைக் கிளப்புவது, முந்துவது, எதிர்வரும் வண்டிக்கு வழிவிடுவது, அவசரத்தில் நிறுத்துவது, பின்னோக்கிச் சென்று குறுகிய இடைவெளியில் நுழைவது, கையால் சமிக்ஞை காட்டுவது என்று செய்முறைப் பரீட்சையை விவரித்தது.

அந்தச் சட்டத்தில் நான் மிகவும் மதிக்கும் பகுதி வேறொன்று. தொடர்ந்து ஐந்து மணி நேரம் ஓட்டிய சாரதிக்கு அரை மணி ஓய்வு கொடுத்தாக வேண்டும், நாளொன்றுக்கு ஒன்பது மணி, வாரத்துக்கு ஐம்பத்து நான்கு மணி என்ற வரம்பைத் தாண்டி அவனிடம் வேலை வாங்கக் கூடாது என்று அது முதலாளியைக் கட்டுப்படுத்தியது. சாரதியின் திறமையைச் சோதிப்பது எளிது. அவன் களைப்பைச் சோதிக்க எந்தப் பரீட்சையாலும் முடியாது. ஆகவே களைப்பே நேராமல் தடுப்பது சட்டத்தின் கடமை என்று எண்ணிய அந்த எண்ணம் உயர்ந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அந்த வரம்பை நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று மேலும் குறைத்தது. ஏட்டில் உள்ள இந்த வரம்பை இரவு லாரிகளின் உலகம் எவ்வளவு மதித்திருக்கிறது என்பது திருச்சி நெடுஞ்சாலையில் அதிகாலை மூன்று மணிக்கு நின்று பார்க்கிறவர்களுக்குத் தெரியும்.

புதிய சட்டம் வேரூன்றுமுன் யுத்தம் வந்தது. பெட்ரோல் அளவிட்டு வழங்கப்பட்டது; பஸ்களின் பின்புறத்தில் கரி எரித்து வாயு உண்டாக்கும் உருளைகள் முளைத்தன. கிளீனர் பையன்களுக்கு இந்தக் கரி பஸ் ஒரு புதிய தண்டனை. புறப்படும் நேரத்துக்கு வெகு முன்பே எழுந்து, உருளையில் கரி நிரப்பி, நெருப்பு மூட்டி, விசிறியைக் கையால் சுழற்றிச் சுழற்றிக் கனலை உண்டாக்க வேண்டும். அவ்வாறு கிடைத்த வாயுவுக்குப் பெட்ரோலின் வலிமை கிடையாது. ஏரிக்கரை ஏற்றத்தில் பஸ் திணறி நிற்க, பிரயாணிகள் இறங்கித் தள்ளுவது வாடிக்கை. 1942 ஏப்ரலில் ஜப்பானியர் படையெடுப்பு வரும் என்ற பீதியில் சென்னையே காலியானபோது, குழந்தைகளையும் தட்டுமுட்டுச் சாமான்களையும் சுமந்துகொண்டு உள்நாட்டுக்குச் சென்ற ஜனங்களுக்குத் துணையாயிருந்த வண்டிகளில் இவையும் உண்டு. கனலின் நிறத்தைப் பார்த்து இஞ்சினின் பலத்தைக் கணித்து, எந்த ஏற்றத்தை எந்த கியரில் தொட வேண்டும் என்று முன்கூட்டியே தீர்மானித்த அந்தத் தலைமுறைச் சாரதிகளுக்கு, பின்னால் வந்த டீசல் வண்டிகள் மிக எளிதாகத் தோன்றியதில் வியப்பில்லை.

யுத்தம் முடிந்ததும் இராணுவத்தில் லாரி ஓட்டப் பழகியவர்கள் ஊர் திரும்பினார்கள். இராணுவம் கழித்த லாரிகளும் ஏலத்துக்கு வந்தன. மனிதனும் வண்டியும் ஒருங்கே கிடைத்த அந்த வருஷங்களில் லாரித் தொழில் சட்டென்று பெருகியது. 1948-இல் அப்போது செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, பின்னர் பிரிட்டனின் லேலண்ட் மோட்டார்ஸுடன் கூடி, 1955-இல் அசோக் லேலண்டாயிற்று. தென்னாட்டின் பஸ்களும் லாரிகளும் பெரும் பகுதி அங்கிருந்தே வந்தன. டீசல் இஞ்சின், பொத்தானை அழுத்தினால் கிளம்பும் ஸ்டார்ட்டர், காற்றழுத்த பிரேக் என்று ஒவ்வொன்றாக வர, ஹாண்டில் சுழற்றிய காலம் மறைந்தது. கிளீனரிடம் வண்டி எதிர்பார்த்த அறிவு குறைந்தது. சாலை எதிர்பார்த்த அறிவு மட்டும் கூடிக்கொண்டே போயிற்று.

குருகுலத்தின் மூடிய கதவைத் திறந்துவிட்டது பஸ்கள் நாட்டுடைமையானதே என்பது என் துணிபு. 1947-இல் சென்னை நகரில் சர்க்கார் பஸ்கள் ஓடத் தொடங்கின. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பெரிய பஸ் முதலாளிகளின் வண்டிகள் அரசின் கைக்கு வந்தன. 1972-இல் பல்லவன் போக்குவரத்துக் கழகமும், 1975-இல் விழுப்புரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகமும் ஏற்பட்டன. யாருடைய மகன் என்று கேட்ட இடத்தில் என்ன லைசென்ஸ், எத்தனை வருஷ அனுபவம் என்று கேட்கப்பட்டது. இட ஒதுக்கீடு வந்தது. சிபாரிசு முற்றும் ஒழிந்தது என்று சொல்ல மாட்டேன், ஆனால் ‘ஹெவி லைசென்ஸ்’ என்ற காகிதம் ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாதச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் தரத்தக்க சொத்தாயிற்று. தமிழ்நாட்டு அரசின் சாலைப் போக்குவரத்து நிறுவனம் பழைய செங்கற்பட்டு ஜில்லாவின் வடகோடியான கும்மிடிப்பூண்டியில் கனரக வாகன ஓட்டுநர்களுக்கென்று பயிற்சிப் பள்ளி அமைத்தது. 1993-இல் கன்னியாகுமரி மாவட்டத்து வசந்தகுமாரி அரசு பஸ்ஸின் ஸ்டியரிங்கைப் பிடித்து, தமிழ்நாட்டின் முதற் பெண் பஸ் ஓட்டுநரானார். கிளீனராகத் தொற்றிக்கொண்டு வருவது ஒன்றே வழி என்று இருந்திருப்பின், அவர் அந்த ஆசனத்தை அடைந்திருக்க முடியாது. பொதுவான பரீட்சை என்ற ஒன்று இருந்ததனால்தான், அதில் தேறியவரை மறுக்க எவராலும் முடியவில்லை.

இப்போது நடப்பில் உள்ளது 1988-ஆம் ஆண்டின் சட்டமும் அதன் கீழ் 1989-இல் வந்த மத்திய விதிகளும். கனரக லைசென்ஸ் விரும்புகிறவன் முதலில் இலகுரக வாகன லைசென்ஸ் பெற்று ஒரு வருஷமாவது கழித்திருக்க வேண்டும். வயது இருபது ஆகியிருக்க வேண்டும். வைத்தியச் சான்று பெற்று, எல்.எல்.ஆர். என்னும் பழகுநர் லைசென்ஸ் எடுத்து, முப்பது நாட்கள் கழிந்த பின் பரீட்சைக்குப் போகலாம். டி.என். 19 என்ற எண் தாங்கிய செங்கற்பட்டு வட்டாரத்தில், டிரைவிங் ஸ்கூல்காரர்கள் வைத்திருக்கும் வயதான பஸ்ஸிலோ லாரியிலோ அதிகாலையில் பழகும் வாலிபர்களில், மறைமலைநகர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிச் செல்லும் வேன் ஓட்டிக்கொண்டே ‘பேட்ஜ்’ எடுத்து பஸ்ஸுக்கு உயர நினைப்பவர்கள் உண்டு. கண்டெய்னர் லாரிக்கு ஆசைப்படுபவர்கள் உண்டு. அரசு பஸ் வேலைக்காக முதலுதவிச் சான்றிதழையும் தேடிக்கொண்டு காத்திருப்பவர்கள் உண்டு. மோட்டார் வாகன ஆய்வாளரை ஊரார் இன்றும் ‘பிரேக் இன்ஸ்பெக்டர்’ என்றே அழைக்கிறார்கள். அவர் முன்னிலையில் பெரிய வண்டியைப் பின்னோக்கிச் செலுத்தி ஒடுங்கிய இடத்தில் நிறுத்துவதுதான் பழகுகிறவர்களுக்குப் பெரும் பயம். ஏனெனில் முப்பதடி நீள வண்டியில் பின்சக்கரம் எங்கே செல்கிறது என்பதைக் கண்ணாடியை நம்பியே அறிய வேண்டும், கழுத்தைத் திருப்பிப் பார்க்கும் இலகுரகப் பழக்கம் அங்கே உதவாது.

விதிகள் பதினைந்தாவதாகச் சொல்லும் பரீட்சை வரிசையை நிதானமாகப் படித்தால், பழைய குருகுலத்தின் பாடங்கள் ஒவ்வொன்றாக அதில் வந்து அமர்ந்திருப்பதைக் காணலாம். இஞ்சினைக் கிளப்புமுன் எடுக்க வேண்டிய ஜாக்கிரதைகள். எல்லா கியர்களையும் வரிசையாகத் தொட்டு மேல் கியர் வரையில் செல்வது. இறக்கத்தில் விரைந்து கீழ் கியருக்கு மாறுவது. செங்குத்தான ஏற்றத்தில் நிறுத்தி, பின்னுக்கு உருளாமல் மீண்டும் கிளம்புவது. ஏரிக்கரையில் வைக்கோல் வண்டி கற்பித்த பாடம் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. ஆனால் ஒன்று அதில் இல்லை. பரீட்சை வண்டி காலியானது. பரீட்சை நேரம் பகல். பரீட்சைச் சாலை குறுகியது. தொழிலோ பாரத்தோடும் இரவிலும் தூரத்திலும் நடப்பது. அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பின் வந்த கனரகப் பரீட்சையில், சாரதி வண்டியைச் சுற்றி நடந்து, பிரேக் குழாய் முதல் சக்கர ஆணி வரையில் ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, அது என்ன, எதனால் பழுதாகும் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்று வைத்தார்கள். நம் கிளீனர் பையன் விடியுமுன் டயரைத் தட்டிச் செய்த காரியமே அது. நாம் அதை மறந்த காலத்தில் அவர்கள் அதற்கு மதிப்பெண் கொடுத்தார்கள்.

இடையில் வந்த சில மாற்றங்களில் ஒன்றை நான் மனமார வரவேற்கிறேன், ஒன்றில் எனக்குத் தயக்கம் உண்டு. கனரகச் சாரதிக்கு எட்டாம் வகுப்புப் படிப்பு வேண்டும் என்றிருந்த விதி 2019-இல் நீக்கப்பட்டது. இருபது வருஷம் கிளீனராக உழைத்து, காதாலும் கையாலும் கற்ற மனிதனை, பள்ளிக்கூடத்தை விட்டது எட்டாம் வகுப்பிலா ஐந்தாம் வகுப்பிலா என்று கேட்டு வெளியே நிறுத்தியது அநியாயம். அது ஒழிந்தது நன்று. தயக்கம் தருவது மற்றது. 7,500 கிலோகிராமுக்கு மேற்படாத சரக்கு வண்டியை இலகுரக லைசென்ஸ் உடையவரே தனி அனுமதியின்றி ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-இல் சொல்லி, 2024 நவம்பரில் அரசியல் சாசன அமர்வும் அதை உறுதி செய்தது. இன்ஷூரன்ஸ் தகராறுகளில் ஏழைச் சாரதிகளைக் காத்த தீர்ப்பு என்ற அளவில் அது போற்றத்தக்கதே. ஆயினும் ஏழாயிரம் கிலோ எடையோடு முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டி விரையும் சரக்கு வண்டியின் நிறுத்தும் தூரம், சட்டம் எந்த வகுப்பில் அதை வைத்தாலும், காருடையது ஆகாது.

அந்தக் கடற்கரைச் சாலையே இப்போது வேறு. 2002 முதல் சுங்கம் வசூலிக்கும் நேர்த்தியான சாலையாகிவிட்ட கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஏரிக்கரையின் அபாயம் இல்லை. வேகம் தரும் மயக்கம் என்ற புதிய அபாயம் உண்டு. கல்பாக்கத்து அணுமின் நிலையத்திற்குச் செல்லும் பெரும் பாரங்களும், ஊழியர்களின் பஸ்களும், சனி ஞாயிறுகளில் மாமல்லபுரம் நோக்கிப் பறக்கும் கார்களும் ஒரே தார்ப்பரப்பைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் புதிய பஸ் நிலையம் திறக்கப்பட்டதிலிருந்து, தென் மாவட்டங்களுக்குச் செல்லும் தொலைதூர பஸ்களின் இரவுப் பிரயாணம் செங்கற்பட்டு மாவட்டத்திலேயே ஆரம்பமாகிறது. பெட்டியும் படுக்கையுமாக அங்கே ஏறும் குடும்பங்கள் டிரைவரின் முகத்தைக்கூடப் பார்ப்பதில்லை.

2021 ஜூலை முதல் அமலுக்கு வந்த விதிகளின்படி, அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிலையங்கள் ஆறு வாரங்களில் முப்பத்தெட்டு மணி நேரம் கனரகப் பயிற்சி அளித்துச் சான்று தரலாம்; அந்தச் சான்று பெற்றவருக்குப் போக்குவரத்து அலுவலகத்தில் மறு பரீட்சை தேவையில்லை. பயிற்சிக்கு ஓர் ஒழுங்கு வந்தது சந்தோஷம். கற்பிப்பவரே ஜாமீன்தாரராகவும் ஆகிவிடுவதுதான் எனக்குக் கவலை அளிக்கிறது; பிரயாணியின் சார்பில் கேள்வி கேட்பவர், கட்டணம் வாங்கிக்கொண்டு கற்பித்தவராக இல்லாமல் வேறொருவராக இருப்பதே முறை. முப்பத்தெட்டு மணி நேரத்தில் சில மணிகளையேனும், செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குச் செல்லும் பழைய சாலையில், மணலோ ஜல்லியோ முழுப் பாரமாக ஏற்றிய வண்டியில், இருட்டிய பிறகு, பழக்க வேண்டும். பழக்குவதற்கு ஆசிரியர்களைத் தேடி எங்கும் போக வேண்டியதில்லை. போக்குவரத்துக் கழகங்களில் முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர்கள் இந்த மாவட்டத்தின் ஊர்களிலெல்லாம் இருக்கிறார்கள். அவர்களை வருஷச் சம்பளத்தில் பயிற்சி நிலையங்களுக்கு அமர்த்தவும், பரீட்சை நாளில் ஆய்வாளரின் பக்கத்தில் அவர்களில் ஒருவரையும் உட்காரவைக்கவும் ஓர் அரசாணை போதும்.